கிறிஸ்மஸ் விடுமுறைக்குத் தரங்கம்பாடி போகலாமா? என்ன நடக்கும், என்ன பார்க்கலாம்?

டிசம்பர் 24 காலை கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி 26 மாலை வரை தரங்கம்பாடியில் தங்கலாம் என்று யோசிக்கிறீர்கள். கூட வயதான மாமியாரும் பள்ளிக்கூடம் படிக்கும் இரண்டு பிள்ளைகளும் வருகிறார்கள். "கிறிஸ்மஸுக்கு அங்கே கார்னிவல் மாதிரி ஏதாவது நடக்குமா, நிகழ்ச்சிப் பட்டியல் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியலைக் கேட்டாலும் உங்கள் கவலை வேறு என்று நினைக்கிறேன். டென்மார்க்காரர்கள் கட்டிய ஒரு கோட்டை, இரண்டு தேவாலயம், ஒரு கடற்கரை மட்டும் இருக்கிற சின்ன ஊர் இரண்டரை நாளுக்குத் தாங்குமா, நாம் போகிற நேரத்தில் ஊரில் ஏதாவது நடந்துகொண்டிருக்குமா, இல்லை மூடிக் கிடக்கிற கட்டடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதானா, இதுதானே?

தாங்கும், தாராளமாக வாருங்கள். ஆனால் கார்னிவல் எதிர்பார்த்து வராதீர்கள். ஃபோர்ட் கொச்சியில் ஆண்டுக் கடைசியில் நடக்கிற ஊர்வலம், பாப்பாஞ்சி பொம்மை எரிப்பு போல சுற்றுலாப் பயணிகள் தேடிப் போகிற திருவிழா எதையும் நான் தரங்கம்பாடியில் பார்த்ததில்லை. அங்கே டிசம்பரில் நடப்பதெல்லாம் ஊர்க்காரர்கள் தங்களுக்காகச் செய்துகொள்வது. தேவாலயத்தில் கிறிஸ்மஸ் ஆராதனை, கோயில்களில் மார்கழி விடியற்காலைப் பூஜை, மறுநாள் 26ஆம் தேதி, சுனாமியில் இறந்தவர்களுக்கு மீனவக் குடும்பங்கள் கடலோரத்தில் செலுத்தும் அஞ்சலி. மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. நீங்கள் எதில் கலந்துகொள்ளலாம், எதில் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு வந்தால் இந்தப் பயணம் நன்றாக அமையும்.

நான் வரலாறு படித்தவன். மயிலாடுதுறைப் பக்கத்தில் பல வருஷம் ஆசிரியராக வேலை பார்த்தேன். மாணவர்களையும் வெளியூர் நண்பர்களையும் அடிக்கடி தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டியிருக்கிறேன். கட்டடங்களைப் பற்றியும் அவற்றின் கதையைப் பற்றியும் தைரியமாகச் சொல்வேன். ஆராதனை நேரம், ஒரு குறிப்பிட்ட ஆண்டில் பாடகர் குழு என்ன பாடும் என்பதெல்லாம் சபையார் அந்தந்த ஆண்டு முடிவு செய்கிற விஷயம். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் இல்லை என்பதால் அதற்கு நான் பொறுப்பேற்க முடியாது. ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக ராஜ வீதியில் தேவாலயத்துக்குப் போய் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

முதலில் கிறிஸ்மஸ். தரங்கம்பாடியில் நீங்கள் போக வேண்டியது புது எருசலேம் ஆலயம். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தது. 1718 அக்டோபர் 11 அன்று பிரதிஷ்டை ஆனது. டிசம்பர் பிறந்ததுமே ஊரில் கிறிஸ்தவர்கள் வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் தொங்க ஆரம்பித்துவிடும். பாடகர் குழு ராத்திரியில் வீடு வீடாகப் போய்ப் பாடுவதை எல்லோரும் கேரல் ரவுண்ட்ஸ் என்றுதான் சொல்வார்கள். தோளில் டிரம், கையில் டார்ச், கூடவே சிவப்பு அங்கி போட்ட தாத்தா, பின்னால் ஊர்ப் பிள்ளைகள் என்று வருவார்கள். 24ஆம் தேதிக்குள் இந்தச் சுற்று பெரும்பாலும் முடிந்துவிடும் என்பதால் நீங்கள் வரும்போது பார்ப்பீர்களா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. உறுதியாக இருப்பது கிறிஸ்மஸ் ஆராதனைதான். நம் பக்கத்துச் சீர்திருத்தச் சபைகளில் கிறிஸ்மஸ் ஆராதனை பெரும்பாலும் விடியற்காலை இருட்டிலேயே தொடங்கிவிடும், அதனால் பிள்ளைகளை முந்தின நாள் சீக்கிரம் தூங்க வையுங்கள்.

ஆராதனை முழுக்கத் தமிழில்தான். நீங்கள் கிறிஸ்தவர் இல்லை என்றாலும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். இரண்டு வகைப் பாட்டு காதில் விழும், கவனியுங்கள். ஒன்று ஞானப்பாட்டு. ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரிகள் தங்கள் ஊர் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு தமிழ் வார்த்தை போட்டது. நிதானமாக, ஒவ்வொரு அடியும் நின்று நின்று நகரும். இன்னொன்று கீர்த்தனை. நம் ராகத்தில், பல்லவி அனுபல்லவி சரணத்தோடு வரும். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள் வளர்த்த வழி அது, அவரும் இளம் வயதில் தரங்கம்பாடியில் படித்தவர்தான். ஒரே ஆராதனையில் ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும்போது கூட்டத்தின் குரலே மாறுவது தெரியும். மாமியாருக்குக் கர்நாடக சங்கீதம் பிடிக்கும் என்றால் கீர்த்தனையில் தானாகவே தாளம் போட ஆரம்பித்துவிடுவார்.

நடைமுறையில் சில விஷயம். வாசலில் மற்றவர்கள் செருப்பைக் கழற்றினால் நீங்களும் கழற்றிவிடுங்கள். பெண்கள் முந்தானையையோ துப்பட்டாவையோ தலையில் போட்டுக்கொள்வார்கள், நீங்களும் அப்படியே செய்யலாம். ஆராதனை நடக்கும்போது செல்போனைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் விடுமுறைக்கு வருகிறவர்கள் பலர் பீடத்துக்குப் பக்கத்திலேயே போய் நின்று படம் எடுப்பதைப் பார்த்து மனசு சங்கடப்பட்டிருக்கிறது. ஆராதனை முடிந்ததும் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்வார்கள், கேக் கொடுப்பார்கள். அப்போது கேட்டுவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் படம் எடுங்கள்.

கூட்டம் கலைந்த பிறகு தேவாலயத்தை நிதானமாகப் பாருங்கள். நான்கு பக்கமும் கை நீட்டிய சிலுவை வடிவத்தில் கட்டியிருப்பார்கள். முகப்பில் நிமிர்ந்து பார்த்தால் ஒரு கிரீடமும், அதன் கீழே எழுத்தும் எண்ணும் பின்னிக் கிடக்கிற ஒரு முத்திரையும் தெரியும். டென்மார்க் மன்னர் நான்காம் ஃப்ரெடெரிக்கின் முத்திரை அது. அவர்தான் சீகன்பால்கு, புளுட்சோ என்ற இரண்டு இளைஞர்களை மிஷனரிகளாக இங்கே அனுப்பியவர். இருவரும் ஜெர்மானியர்கள். 1706 ஜூலை 9 அன்று வந்து இறங்கினார்கள். சீகன்பால்குவுக்கு அப்போது வயது 24கூட ஆகவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். இந்த ஆலயத்தைக் கட்டி முடித்துப் பிரதிஷ்டை செய்த நாலைந்து மாதத்தில், 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில் இறந்துபோனார். அவரையும் அவரோடு உழைத்த கிரண்ட்லரையும் இதே ஆலயத்துக்குள், பீடத்துக்குப் பக்கத்தில்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள். கிறிஸ்மஸ் காலையில் சபையார் உட்கார்ந்து பாடுகிற இடத்திலிருந்து சில அடி தூரத்தில் அந்தக் கல்லறைகள் இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

கிறிஸ்மஸைப் பற்றியே எனக்குப் பிடித்த ஒரு தகவலையும் சொல்லிவிடுகிறேன். டென்மார்க் 1700இல் புதிய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியிலேயே இருந்தது. இரண்டுக்கும் 11 நாள் வித்தியாசம். ஆகவே சீகன்பால்கு காலத்தில் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கிறிஸ்மஸ் கொண்டாடியபோது, சென்னைப்பட்டினத்து ஆங்கிலேயரின் நாட்காட்டியில் டிசம்பர் 14தான் ஆகியிருக்கும். ஒரே கடற்கரையில், ஒரே பண்டிகை, இரண்டு வேறு நாள்! அந்தப் பக்கம் நாகப்பட்டினம், வேளாங்கண்ணிக் கத்தோலிக்கர்களோ 16ஆம் நூற்றாண்டிலேயே போப் கொண்டுவந்த புதிய நாட்காட்டியைப் பின்பற்றியவர்கள். அதனால் தரங்கம்பாடியின் லுத்தரன்களுக்கும் அவர்களுக்கும் நாள் ஒத்துப்போயிருக்கும்.

அதே ராஜ வீதியில் இருக்கிற சீயோன் ஆலயம் இன்னும் பழசு, 1701. இந்த இடத்தில் வழிகாட்டிகளும் யூடியூப் வீடியோக்களும் சொல்கிற சில விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். "இந்தியாவின் முதல் புராட்டஸ்டன்ட் தேவாலயம்" என்று சொன்னால் ஏற்காதீர்கள். சென்னைக் கோட்டைக்குள் இருக்கிற புனித மேரி ஆலயம் 1680இலேயே பிரதிஷ்டை ஆகிவிட்டது. "தமிழில் முதன்முதலில் அச்சடித்தது தரங்கம்பாடியில்தான்" என்பதும் சரியில்லை. 1578இல் கொல்லத்தில் போர்ச்சுகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் தமிழ் எழுத்தில் புத்தகம் அச்சடித்துவிட்டார். தரங்கம்பாடியின் பெருமை வேறு. நின்றுபோயிருந்த தமிழ் அச்சுத் தொழில் இங்கே மறுபடி உயிர்பெற்று, பிறகு நிற்காமல் தொடர்ந்தது. புதிய ஏற்பாடு முழுசாக ஓர் இந்திய மொழியில் முதன்முதலாக அச்சானது இங்கேதான், 1715இல்.

அது அச்சான விதம் உங்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அச்சு இயந்திரம் லண்டனிலிருந்து வந்தது. தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரில் வார்த்து அனுப்பினார்கள். தமிழே தெரியாத ஆட்கள் வரைபடத்தைப் பார்த்து வார்த்ததால் எழுத்து பெரிசு பெரிசாக இருந்தது. காகிதமோ கப்பலில் வர வேண்டும், கையிருப்பு குறைவு. அந்த அளவு எழுத்தில் அச்சடித்தால் பாதிப் புத்தகத்திலேயே காகிதம் தீர்ந்துவிடும். அதனால் இங்கேயே சின்ன எழுத்தாக வார்த்துக்கொண்டார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈயத்தை உருக்கித்தான் வார்த்தார்கள் என்று வழக்கமாகச் சொல்வார்கள். சுவையான கதை, நடந்திருக்கக்கூடியதும்கூட, ஆனால் கதை என்ற அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பொறையாரில் காகித ஆலை ஒன்றும் தொடங்கினார்கள். சீகன்பால்கு வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது, இந்த அச்சுக் கதையை மனசில் வைத்துக்கொண்டு அங்கே போங்கள்.

கோட்டைக்கு வருவோம். ஊரில் டேனிஷ் கோட்டை என்றுதான் கேட்க வேண்டும், டான்ஸ்போர்க் என்று கேட்டால் ஆட்டோக்காரர் யோசிப்பார். 1620இல் தஞ்சாவூர் இரகுநாத நாயக்கருக்கும் டேனிஷ் கடற்படைத் தலைவர் ஓவே கெட்டேவுக்கும் ஒப்பந்தம் ஆகி, அந்த இடத்தில் எழுந்தது. மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு இரகுநாத நாயக்கர் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845இல் டேனிஷ்காரர்கள் இந்த ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டையில் கீழ்த்தளம் சரக்கு அறை, மதுக் கிடங்கு, சிறை. மேல்தளம் அதிகாரிகள் தங்கிய இடம், நடுவில் ஓர் அறை ஜெபக்கூடமாக இருந்தது, சீயோன் ஆலயம் கட்டிய பிறகு வழிபாடு அங்கே போய்விட்டது. 1708 கடைசியில் கோட்டைத் தளபதிக்கும் சீகன்பால்குவுக்கும் மோதல் முற்றி, அவரை நாலு மாதம் போல இந்தக் கோட்டையிலேயே அடைத்து வைத்தார்கள். ராஜா அனுப்பிய ஆளை ராஜாவின் தளபதியே சிறையில் போட்ட கதை இது. அந்த வருஷத்துக் கிறிஸ்மஸ் அவருக்குச் சிறையில்தான் கழிந்தது.

கோட்டை தமிழ்நாடு தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது, உள்ளே சின்ன அருங்காட்சியகமும் உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது வழக்கம். கிறிஸ்மஸ் வெள்ளியில் விழும் ஆண்டில் உங்களுக்கு இது நேராக இடிக்கும். அரசு விடுமுறை நாளில் திறக்கிறார்களா என்பதையும் நேரில் விசாரித்துக்கொள்வது நல்லது. என் யோசனை, 24ஆம் தேதி மாலை மூடுவதற்கு முன்பே கோட்டையைப் பார்த்துவிடுங்கள். வெளியிலிருந்து எப்போதும் பார்க்கலாம், கடற்கரைத் திடலில் நின்றால் போதும். உள்ளே இருக்கிற பீங்கான், நாணயம், பழைய ஆவணங்களை அவசரமில்லாமல் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும்.

ஊர் அமைப்பு வயதானவர்களுக்கு வசதியானது. மெயின் ரோட்டிலிருந்து 1792ஆம் ஆண்டு வாசல் வழியாக உள்ளே நுழைந்தால் ராஜ வீதி நேராகக் கடலில் போய் முடியும். மெல்ல நடந்தாலே பத்துப் பதினைந்து நிமிஷம்தான். தேவாலயங்கள், பழைய டேனிஷ் வீடுகள், ஆளுநர் மாளிகை, கோட்டை எல்லாம் இந்த ஒரே வீதியை ஒட்டித்தான். தட்டாரத் தெரு பக்கம் திரும்பினால் திண்ணையும் மரத்தூணும் ஓட்டுக்கூரையுமாகப் பழுதுபார்த்த தமிழ் வீடுகள் சில இருக்கின்றன. பலர் ராஜ வீதியோடு திரும்பிவிடுகிறார்கள், எனக்கென்னவோ அந்தத் தெரு கோட்டைக்குச் சமமான அழகு. பள்ளிவாசலும் அருகிலேயே உண்டு.

மார்கழி உங்கள் மாமியாருக்கு. கோட்டைக்கு வடக்கே கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது, டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்பு. முன்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றக் கரையில் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள், திருப்பணியும் நடந்தது. பெரிய கோயிலை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். பெரிய கோயில் வேண்டுமென்றால் திருக்கடையூர் ஏழெட்டு கிலோமீட்டர்தான். அமிர்தகடேசுவரர், அபிராமி சந்நிதி. மார்கழி மாதம் விடியற்காலை திருப்பள்ளியெழுச்சிக்கே கூட்டம் வந்துவிடும். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் தினமும் நடக்கிற கோயில், எப்போது போனாலும் பிரகாரத்தில் மாலையும் கழுத்துமாகத் தாத்தா பாட்டிகள் உட்கார்ந்திருப்பார்கள், சுற்றிலும் பேரன் பேத்திகள். பிள்ளைகளுக்கு அதுவே வேடிக்கை. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி வரும் வழியிலேயே இந்த ஊர் வந்தாலும், 24ஆம் தேதியே கோயிலையும் கோட்டையையும் சேர்த்துத் திணிக்காமல், 25ஆம் தேதி மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் தேவாலயம், மாலையில் அபிராமி. இந்தப் பக்கத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை.

இனி 26ஆம் தேதி. உங்கள் திட்டத்தில் இந்த நாளைச் சாதாரணமாகக் "கடற்கரை, ஃபோட்டோ, ஷாப்பிங்" என்று எழுதியிருந்தீர்கள். அதற்காகத்தான் முக்கியமாக இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலை, சுனாமி இந்தக் கரையில் ஏறியது. தரங்கம்பாடியில் மட்டும் நூற்றுக்கணக்கில் செத்துப்போனார்கள். நாகப்பட்டினம் கரை முழுக்கவே பலியானவர்களில் பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். வீதியில் நட்சத்திரம் இன்னும் இறக்காமல் தொங்கிக்கொண்டிருந்த நேரம். கோட்டை தப்பித்தது. கரையோரக் குப்பத்தில் வீடுகள் மிஞ்சவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு டிசம்பர் 26ஆம் தேதியும் இந்தக் கரை மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை. படகுகள் கரையில் கிடக்கும். காலையில் ஊர்வலமாகப் போய் நினைவுத் தூணில் மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, கடலில் பாலும் பூவும் விட்டு அழுவார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் படத்தையும், அந்தப் பிள்ளைக்குப் பிடித்த தின்பண்டத்தையும் எடுத்து வந்து வைத்துக் கும்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். பிஸ்கட் பாக்கெட், மிட்டாய், குளிர்பானம். வருஷம் இருபதைத் தாண்டியும் அது குறைந்ததாகத் தெரியவில்லை.

அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். 26ஆம் தேதி காலை கடற்கரையில் பந்து விளையாட, பாட்டுப் போட, படம் எடுக்கப் போகாதீர்கள். போக விருப்பம் இருந்தால் நாலு முழம் பூ வாங்கிக்கொண்டு, ஊர்வலத்தின் கடைசியில் சேர்ந்து நடங்கள். யாரும் தடுக்கமாட்டார்கள், "எந்த ஊர்?" என்று கேட்பார்கள், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு முந்தின நாளே விஷயத்தைச் சொல்லிவையுங்கள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா என்பது நீங்களாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் என்றால் நான் கூட்டிப்போவேன். அழுகிறவர்களைப் பார்த்துப் பயந்துவிடுகிற பிள்ளை என்றால் அறையிலேயே இருக்கட்டும், மாமியார் துணைக்கு இருப்பார்.

கடலைப் பற்றி ஒன்று. டிசம்பர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை முழுசாக ஓய்ந்திருக்காது. கடல் சீற்றமாக இருக்கும், கரையில் போட்டிருக்கிற பாறைகள் வழுக்கும். குளிக்க ஏற்ற கடற்கரை இது இல்லை. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இங்கே ஓசோன் காற்று அதிகம், உடம்புக்கு நல்லது என்று பலகையிலும் வலைத்தளத்திலும் எழுதியிருப்பார்கள். அதை நம்பி மாமியாரை மூச்சை இழுத்துவிடச் சொல்லாதீர்கள். வானத்தில் மேலே இருக்கிற ஓசோன்தான் நமக்குக் கவசம். நாம் மூச்சுவிடுகிற உயரத்தில் ஓசோன் அதிகமாக இருந்தால் நுரையீரலுக்கு எரிச்சல்தான். கடல்காற்று நன்றாக இருக்கிறது என்பது உண்மை, அதற்கு இந்தப் பெருமை எல்லாம் தேவையில்லை.

கிறிஸ்மஸை விட்டுவிட்டுப் புத்தாண்டுக்கோ பொங்கலுக்கோ வரலாமா என்று யோசித்தால், டிசம்பர் 31 ராத்திரி தேவாலயத்தில் ஆண்டிறுதி ஆராதனை இருக்கும், ஜனவரி 1 கடற்கரையில் கூட்டம் இருக்கும். காணும் பொங்கலன்று மயிலாடுதுறை, காரைக்கால் சுற்றுப்பக்கத்து ஜனம் முழுக்கக் கட்டுச்சோறோடு இங்கேயும் பூம்புகாருக்கும் திரண்டு வந்துவிடும். திடல் முழுக்கக் கடை, ராட்டினம், பலூன், ஐஸ் வண்டி என்று நீங்கள் கேட்ட கார்னிவலுக்குக் கிட்டத்தட்ட வருகிற நாள் அதுதான். ஆனால் அன்று கோட்டையையோ தெருக்களையோ நிதானமாகப் பார்க்க முடியாது. வயதானவரோடு வருவதற்கு நான் கிறிஸ்மஸையே சொல்வேன்.

தங்குவதற்கு ஊருக்குள் அறைகள் கொஞ்சம்தான். பழைய பங்களாக்களை விடுதியாக மாற்றியிருப்பவை அழகாக இருக்கும், வாடகையும் அதற்கேற்ப இருக்கும், கிறிஸ்மஸ் வாரத்துக்கு முன்கூட்டியே நிறைந்துவிடும். கிடைக்காவிட்டால் திருக்கடையூரில் லாட்ஜுகள் நிறைய உண்டு, கல்யாணக் கூட்டத்துக்காகவே கட்டியவை. காரைக்காலிலும் தங்கலாம், பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். கோவையிலிருந்து மயிலாடுதுறைக்கு ஜனசதாப்தி ரயில் இருப்பதால் காரில் ஏழெட்டு மணி நேரம் மாமியாரை உட்கார வைக்க வேண்டியதில்லை, ஆனால் வாரத்தில் எந்த நாள் ஓடாது என்று பார்த்துக்கொண்டு, முன்பதிவு திறந்த அன்றே டிக்கெட் எடுங்கள். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு முப்பது கிலோமீட்டர் போல, செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் பஸ் இருக்கிறது. கிறிஸ்மஸ் அன்று மதியம் ஊருக்குள் சாப்பாட்டுக் கடை எல்லாம் திறந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். விடுதியிலேயே சாப்பாட்டுக்குச் சொல்லிவைத்துவிடுங்கள், இல்லையென்றால் பொறையாருக்கு ஒரு ஆட்டோ பிடித்துப் போய்வரலாம். குடையும் மறக்காதீர்கள்.

அப்புறம் திரும்புகிற நாள். 26ஆம் தேதி மாலை வரை இருப்பதாகச் சொன்னீர்கள். காலையில் அஞ்சலி, பிறகு தட்டாரத் தெருவில் ஒரு நடை, சாப்பிட்டுவிட்டு மதியமே கிளம்பினால் போதும் என்பது என் கருத்து. ரயில் நேரமும் அதற்குத்தான் ஒத்துவரும். அறை உறுதியானதும் இங்கேயே எழுதுங்கள், நீங்கள் வருகிற தேதிகளில் வெள்ளிக்கிழமை எங்கே விழுகிறது என்று பார்த்து, கோட்டைக்கு எப்போது போகலாம் என்று சொல்கிறேன்.